தெரியலைன்னு சொல்ற வாட்ச் எதுங்க?

ஸ்மார்ட்வாட்ச் பத்தி யார் எழுதினாலும் டிஸ்ப்ளே எத்தனை இஞ்சு, பேட்டரி எத்தனை நாள் நிக்கும், ஸ்போர்ட்ஸ் மோடு நூறா நூத்தியிருவதான்னு ஒரு டேபிள் போட்டு முடிச்சர்றாங்க. எனக்கு வேணுங்கற ஒரு கட்டம் மட்டும் அந்த டேபிள்ல எப்பவுமே இருக்கறதில்ல. இந்த வாட்ச்சு தனக்குத் தெரியாதப்ப தெரியலைன்னு சொல்லுமா, இல்ல வாய்க்கு வந்ததைச் சொல்லி வெக்குமா? இதைக் கேட்டா கடைக்காரப் பையன் நம்மளை ஒரு மாதிரி பாக்கறான். ஆனா எனக்கு இப்பெல்லாம் இது ஒண்ணுதான் கேள்வி, மத்ததெல்லாம் அதுக்கப்பறம்தான்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில குவாலிட்டில இருக்கறேன். பீஸ் எடுத்து டேபிள்ல விரிச்சு டேப் வெச்சு செஸ்ட், லென்த், ஸ்லீவ்னு அளந்து சார்ட்ல எழுதறது, இதுதான் இத்தனை வருசமா பொழப்பு. துணின்னா அரை இஞ்சு கால் இஞ்சு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், வெட்டறவன் கை வேற, தைக்கறவன் கை வேற, வாஷிங் போனா சுருங்கும், அதுக்குத்தான் டாலரன்ஸ்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. புதுசா வந்த பையன் ஒருத்தன் பத்துப் பீஸுக்கும் பத்து வரிலயும் சார்ட்ல போட்ட அளவையே அச்சடிச்ச மாதிரி எழுதிட்டு வந்தான்னு வெச்சுக்கங்க, நான் பீஸைத் தொட்டே பாக்க மாட்டேன், இவன் அளக்கவே இல்லைன்னு சொல்லிப்போடுவேன். அளந்திருந்தா எங்கயாவது ஒரு எடத்துல கால் இஞ்சு ஒதைச்சிருக்கணும்ல. தப்பு இருக்கற ரிப்போர்ட்டைக்கூட நம்பலாம், தப்பே இல்லாத ரிப்போர்ட்டை நம்பவே கூடாதுங்க. இந்தப் புத்தி எனக்கு வாட்ச்லயும் வந்துருச்சு, வந்தது எப்படின்னா எங்கப்பாவால.

மாப்ள வாங்கிக் குடுத்தது

எங்க ஊர் சென்னிமலைப் பக்கம். அப்பா இன்னும் தோட்டத்துலதான் இருக்கறார், மஞ்சக்காடு கொஞ்சம், எருமை ரெண்டு, மாடு நாலு. பிரஷர் மாத்திரை போட ஆரம்பிச்சு ரொம்ப வருசமாச்சு. தங்கச்சி மாப்ள கோயம்புத்தூர்ல வேலை, நல்ல மனுசன், மாமனார் மேல உண்மையாவே பாசம் உண்டு, அவர்தான் தீவாளிக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிட்டு வந்து அப்பா கையில கட்டிவிட்டார். ரெண்டாயிரத்துக்குள்ளதான், ஆனா பெட்டி மேல பாத்தா ஹார்ட் ரேட், ஆக்சிஜன், பிளட் பிரஷர், ஸ்ட்ரெஸ், தூக்கம்னு ஒரு ஆஸ்பத்திரியே உள்ள இருக்கற மாதிரிப் போட்டிருந்தாங்க. பிராண்ட் பேரு வேண்டாமுங்க, அதே மாதிரி ஒரு அம்பது பேர்ல கெடைக்குது. மாப்ள குடுத்ததுங்கறதால அப்பா அதைக் கழட்டவே மாட்டார். சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனாலும் கை நிறைய வாட்ச், "மாப்ள வாங்கிக் குடுத்தது"ன்னு நாலு பேருக்குக் காட்டியாச்சு.

மாட்டுப் பொங்கலுக்கு எல்லாரும் தோட்டத்துல கூடியிருந்தோம். மாட்டுக்குக் கொம்பு சீவி பெயிண்ட் அடிச்சாச்சு, மாடு கட்டற கட்டுத்தரையில பூசைக்குக் குட்டியா தெப்பக்குளம் கட்டிட்டு இருக்கறாங்க, பொங்கல் வெக்க இன்னும் நேரம் கெடக்குது. சும்மா உக்காந்திருந்தப்ப தங்கச்சி பையன், ஒன்பதாவது படிக்கறான், தாத்தா கையில இருந்த வாட்ச்சைக் கழட்டித் தன் கையில கட்டிப் பிரஷர் பட்டனை அமுக்கினான். அவன் அதுவரைக்கும் கன்னுக்குட்டி பின்னாடி காடு முழுக்க ஓடிட்டு வந்தவன், வேர்த்து ஒழுகுது. 118க்கு 77. அடுத்து நான் கட்டிப் பாத்தேன், 119க்கு 78. அப்பறம் எங்க பாட்டி, ஆத்தா கையில கட்டினோம், எம்பத்தாறு வயசு, கையில எலும்பும் தோலும்தான், ஸ்ட்ராப் கடைசி ஓட்டைக்குப் போயும் லொடலொடன்னு இருக்குது, அதுக்கும் 121க்கு 79. "ஏஞ்சாமி, எனக்கு என்ன சொல்லுது?"ன்னு ஆத்தா கேக்க, "உனக்கு என்ற வயசுன்னு சொல்லுது ஆத்தா"ன்னான் பையன். அதோட விட்டானா, பந்தல்ல கட்டியிருந்த கரும்புல கொண்டுபோய் அந்த வாட்ச்சைக் கட்டிட்டான். பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சது. கொஞ்ச நேரத்துல கரும்புக்கு நாடித்துடிப்பு 72, பிரஷர் 117க்கு 76.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மாப்ள மொகம்தான் கொஞ்சம் சுருங்கிப்போச்சு. எனக்கு பளிச்சுன்னு அந்தச் சார்ட்டுதான் ஞாபகம் வந்துச்சு, பத்துப் பீஸுக்கும் ஒரே அளவு எழுதறவன். இது அளக்கவே இல்ல, சாதாரணமா மனுசனுக்கு எவ்வளவு இருக்கும்னு தெரிஞ்சு வெச்சுட்டு அதுல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன மாத்திச் சொல்லுது. ஆனா மாப்ள பக்கத்துல நிக்கறார், அவர் வாங்கிக் குடுத்த பொருளை நாலு ஒறம்பரை முன்னாடி நான் எப்படிங்க கொற சொல்றது? பேச்சை மாத்திட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அம்மா சமையக்கட்டுல பாத்திரம் எடுத்து வெச்சுட்டே சொல்லுச்சு, "உங்கப்பா இப்பெல்லாம் மாத்திரையை ஒரு நா விட்டு ஒரு நாதான் போடறார், கேட்டா வாட்ச்சு நல்லாத்தான காட்டுதுங்கறார்".

ரெண்டு கை, ரெண்டு நம்பர்

அடுத்த நாள் நேரத்துலயே அத்தை ஊட்டுக்குப் போய், கையில பட்டை சுத்திக் காத்தடிக்கற டிஜிட்டல் பிரஷர் மிஷினை வாங்கிட்டு வந்தேன். அப்பாவைத் திண்ணையில சேர் போட்டு, முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரையில படற மாதிரி உக்கார வெச்சேன். காப்பி குடிச்சு அரை மணி நேரம் ஆகட்டும், அஞ்சு நிமிசம் பேசாம இருங்கன்னேன். அவருக்குப் பேசாம இருக்கறதுதான் கஷ்டம், மஞ்ச வெட்ட ஆளு வல்லைன்னு ரெண்டு தடவை எந்திரிக்கப் பாத்தார். கையை நெஞ்சு மட்டத்துக்கு வர்ற மாதிரி தலைகாணி மேல வெச்சு அளந்தேன். 168க்கு 98. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, 164க்கு 96. அந்தப் பக்கத்துக் கையில வாட்ச், 120க்கு 78.

அப்பா ரெண்டு நம்பரையும் மாத்தி மாத்திப் பாத்தார். "அத்தை ஊட்டு மிஷின் பழசு, அதுல பேட்டரி போயிருக்கும்"னார். அம்மாவுக்கு அளந்து காட்டினேன், எனக்கு அளந்து காட்டினேன், ஆளாளுக்கு வேற வேற வந்துச்சு, எனக்கே ரெண்டாவது தடவை ஆறு பாயிண்ட் கொறைஞ்சு வந்துச்சு. எனக்கு அதுவே போதும், இது அளக்கற மிஷின்தான்னு தெரிஞ்சுபோச்சு. அவருக்கு அது நேர் எதிரா பட்டுச்சு. "பாரு, இதுக்கே நெலையில்ல, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுது, வாட்ச்சு எப்பப் பாத்தாலும் ஒரே மாதிரி சொல்லுது, எதைக் கண்ணு நான் நம்பறது?" அதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லீங்க. அவர் கேட்டதுல ஒரு நியாயம் இருக்குது. மாறாம இருக்கறதுதான் சரியானதுன்னு யாருக்கும் தோணும், தராசு தட்டு ஆடிட்டே இருந்தா கடைக்காரனைச் சந்தேகப்படத்தானே செய்வோம்.

அதைவிடப் பெரிய விசயம், அவருக்கு ஒடம்புல ஒண்ணும் தெரியல. தலைசுத்தல் இல்ல, நெஞ்சு வலி இல்ல, மம்பட்டி புடிச்சுத் தண்ணி கட்டறார், சாப்பாடு நல்லா எறங்குது. 168 இருக்கறப்பவும் அவருக்கு 120 மாதிரிதான் இருந்திருக்குது. காய்ச்சல்னா ஒடம்பு சொல்லிரும், பல்லு வலின்னா கத்தி ஊரைக் கூட்டிரும், பிரஷர் மட்டும் ஒண்ணும் சொல்லாது, மூளையிலயோ நெஞ்சுலயோ போய் ஒக்காந்தப்பறம்தான் தெரியும். ஒடம்பு சொல்லாத விசயத்துக்கு நமக்கு இருக்கற ஒரே சாட்சி அந்த நம்பர்தான். அந்தச் சாட்சியே பொய் சொன்னா? அதுவும் கேக்க நல்லா இருக்கற பொய்யா சொன்னா? கெட்ட செய்தி சொல்ற வாட்ச்சா இருந்தா பயந்துட்டு டாக்டர்கிட்டப் போயிருப்பார், அதனால ஒரு கெடுதியும் இல்ல. இது "நல்லா இருக்கறீங்க"ன்னு தெனமும் சொல்லிச் சொல்லி மாத்திரையைப் பாதியா கொறைக்க வெச்சுச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம், மாத்திரையை மாத்தி எழுதினார், வாட்ச்சைப் பாத்துட்டு அவர் ஒண்ணும் சொல்லல, சிரிச்சார். அப்பறம் அந்தப் பெட்டியை எடுத்து உள்ள இருந்த மடிச்ச பேப்பரைப் படிச்சுப் பாத்தேன், எறும்பு எழுத்துல, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு இங்கிலீசுல போட்டிருக்குது. பெட்டி மேல பெருசா பிளட் பிரஷர், உள்ள பொடி எழுத்துல இது.

கையில பட்டை சுத்தறது எதுக்குன்னா, அது காத்தடிச்சு ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திப்போட்டு, அப்பறம் மெல்லக் காத்தை எறக்கறப்ப ரத்தம் திரும்பப் பாயற அதிர்வைப் புடிச்சுக் கணக்குப் போடுது. வாட்ச்சுக்கு அழுத்தறதுக்கு வழியே இல்ல. வெளிச்சத்தை அடிச்சு நாடி அலை எப்படி வருதுன்னு பாத்து உத்தேசமா சொல்லணும். அதனாலதான் சாம்சங் கேலக்ஸி வாட்ச்ல பிரஷர் பாக்கணும்னா முதல்ல பட்டை மிஷின்ல அளந்து அந்த நம்பரை அதுக்குக் கத்துக்குடுக்கணும், அதையும் 28 நாளைக்கு ஒருக்கா திரும்பச் செய்யணும், இல்லாட்டி அளக்க மாட்டேங்குது. ஹுவாவே வாட்ச் டி, ஓம்ரான் ஹார்ட்கைடு மாதிரி சிலதுல ஸ்ட்ராப்புக்குள்ளயே குட்டியா காத்துப் பை வெச்சிருக்கறாங்க, அது நெசமாவே அழுத்தி அளக்குது. ஆப்பிள்காரன் 2025ல கொண்டுவந்த பிரஷர் எச்சரிக்கையில நம்பரே கெடையாது, 30 நாள் நாடி அலையைப் பாத்துட்டு, உங்களுக்கு பிரஷர் இருக்கற மாதிரி தெரியுது, பட்டை மிஷின்ல பாருங்கன்னு சொல்றதோட நிறுத்திக்கறான். அத்தனை காசு வாங்கறவன் நம்பர் சொல்லக் கூசறான், ரெண்டாயிரத்துக்கு விக்கறவன் கரும்புக்கே சொல்றான்.

வாய மூடத் தெரிஞ்சது, தெரியாதது

இதுக்கப்பறம் நான் எல்லா நம்பரையும் அந்தக் கண்ணோடயே பாக்க ஆரம்பிச்சுட்டேன். வாட்ச் எல்லாமே ஏமாத்துன்னு நான் சொல்ல வல்லைங்க, அது இன்னொரு பக்கத்து முட்டாள்தனம். நல்ல வாட்ச்ல நாடித்துடிப்பு உண்மையாவே நல்லா வருது. அந்தப் பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் கொறையறப்ப திரும்பி வர்ற வெளிச்சம் கொறைஞ்சு கூடும், அதை எண்ணறதுதான் வேலை. சும்மா உக்காந்திருக்கறப்ப, தூங்கறப்ப அருமையா எண்ணும். கை வேகமா ஆடறப்பதான் தடுமாறும். நான் சென்னிமலைல 1320 படி ஏறறப்ப பாத்திருக்கறேன், மூச்சு வாங்கி நாக்கு வெளிய தள்ளுது, வாட்ச் 95ங்குது, ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு வெரல் மேல ஏத்தி ஒரு ஓட்டை இறுக்கிக் கட்டினா 150ன்னு நெசத்துக்கு வருது. லூசா இருந்தா வெளி வெளிச்சம் உள்ள பூந்து கெடுத்துரும், கையில பச்சை குத்தியிருந்தாலும் கஷ்டம். சீரியஸா ஓடறவங்க, கோயமுத்தூர்ல ரேஸ்கோர்ஸ சுத்திச் சுத்தி ஓடிட்டு மாரத்தானுக்கு ரெடி ஆகறாங்கல்ல, அவங்க நெஞ்சுல ஒரு பட்டை கட்டறது இதுக்குத்தான்.

நாடித்துடிப்பு சரியா வந்தாலும் அதை வெச்சு வாட்ச் பண்ற சோசியம் வேற. 220ல வயசைக் கழிச்சு, இதுதான் உங்க உச்சம்னு வெச்சுட்டு, அதுல இத்தனை சதவீதம் ஃபேட் பர்ன், இத்தனை கார்டியோன்னு கலர் காட்டும். 2001ல வந்த ஒரு ஆராய்ச்சி, 208ல இருந்து வயசுல 0.7 பங்கைக் கழிக்கணும்னு திருத்திச்சு, அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பதினஞ்சு மாறும். அதைவிட, மெட்டோப்ரோலால், அட்டினலால் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்த மாத்திரையே துடிப்பை ஏற விடாது, அவங்க அந்தக் கலரைப் பாத்துட்டு எட்டலையேன்னு இன்னும் வேகமா நடந்தா வம்புதான். எங்க ஊர்ல அப்பா வயசுக்காரங்க பாதிப்பேர் அந்த மாத்திரைலதான் ஓடிட்டிருக்கறாங்க.

ஈசிஜி வந்தது எனக்குப் பிடிச்ச விசயம். 2018ல ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 4ல வந்துச்சு, பக்கத்துல இருக்கற வட்டப் பட்டன்ல அடுத்த கை வெரலை 30 செகண்ட் வெச்சிருந்தா ஈசிஜி கோடு ஒண்ணு வரைஞ்சு குடுக்கும். அது சொல்ற ரிசல்ட்டுகள்ல ஒண்ணு "முடிவாகலை", இன்னொண்ணு "சரியா பதிவாகலை". பாருங்க, இதுதான் எனக்கு வேணும், அளந்து பாத்துட்டு என்னால சொல்ல முடியலைன்னு கைய விரிக்குது. அது தேடறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு தாறுமாறா அடிக்கற துடிப்பைத்தான், ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபுடிக்காதுன்னு அவங்களே திரையிலயே எழுதி வெச்சிருக்கறாங்க. நெஞ்சு வலிக்குது, வாட்ச்ல நார்மல்னு வந்துச்சுன்னு யாரும் ஊட்டுல உக்காந்துராதீங்க. இது சம்பந்தமா 4,19,297 பேரை வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து 2019ல வந்துச்சு, ஈசிஜி இல்லாம வெறும் வெளிச்சத்தை வெச்சே துடிப்பு தாறுமாறா இருந்தா எச்சரிக்கறது. அதுல எச்சரிக்கை வந்தது மொத்தமே 0.52 சதவீதம் பேருக்குத்தான். மத்தவங்க கையில எல்லாம் வாட்ச் வாய மூடிட்டுத்தான் இருந்துச்சு.

கலோரியை எங்கிட்டக் கேக்காதீங்க. 2017ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு வாட்ச், பேண்டுகளை வெச்சு டெஸ்ட் பண்ணினாங்க, நாடித்துடிப்புல ஆறு பாஸ், கலோரியில ஒண்ணுகூடத் தேறல. இருக்கறதுலயே நல்லதே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். என்ற டேபிள்ல அப்படி ஒரு பீஸ் வந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருவேன். எங்க கம்பெனி மெர்ச்சண்டைசர் தம்பி ஒருத்தன் ஜிம்முல 600 கலோரி எரிச்சேன்னு வாட்ச்ல காட்டிட்டு, அந்தக் கணக்குல புரோட்டா சாப்பிடுவான். தூக்கமும் ஏறக்குறைய அப்படித்தான், எப்பப் படுத்தோம் எப்ப எந்திரிச்சோம் வரைக்கும் நம்பலாம், ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிசம் கனவுத் தூக்கம் இத்தனை நிமிசம்னு பிரிக்கறதுக்கு மூளை அலை பாக்கணும், மணிக்கட்டுல ஏதுங்க மூளை.

காலடிக் கணக்கு ஒரு தனிக் கதை. ஒரு நாளைக்கு 10,000 காலடிங்கறதே டாக்டர் சொன்னதில்ல, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டிக் காலடி எண்ணற மிஷின் வித்தப்ப அதுக்கு வெச்ச பேரு. வயசான பொம்பளைங்க 16,741 பேரை வெச்சு 2019ல பாத்தப்ப, ஒரு நாளைக்கு 4,400 காலடி நடந்தவங்களே ரொம்பக் கம்மியா நடந்தவங்களைவிட நல்லா இருந்தாங்க, 7,500க்கு மேல போனா அதுக்குத் தக்க லாபம் கூடல. எனக்கு ஆத்திரம் அதுலகூட இல்ல. எங்கப்பா பொழுதன்னைக்கும் மம்பட்டி புடிச்சு மடை திருப்பி, சுமை தூக்கி, எருமைக்குப் புல்லறுத்துட்டு வந்து உக்காந்தா வாட்ச் ரெண்டாயிரத்துச் சொச்சம் காட்டி "எழுந்து நடங்கள்"னு அதட்டுது. செக்கிங் டேபிள்ல ஒரே எடத்துல நின்னு பீஸைத் திருப்பித் திருப்பி மடிக்கற அக்காங்களுக்கு அஞ்சு ஆறாயிரம் காலடி ஏறிரும், கை ஆடுதுல்ல. வாட்ச் பாக்கறது கைய, நாம நெனைக்கறது காலை. இதைக் கட்டறதா இருந்தா ஆளை ஆளோட ஒப்பிடாதீங்க, உங்களோட போன மாசத்தையும் இந்த மாசத்தையும் ஒப்பிடுங்க, அதுக்கு நல்லா உதவும்.

சுகர் காட்டற வாட்ச்னு ஒண்ணு விக்குது, அதைப் பத்தி ஒரே வார்த்தை: வாங்காதீங்க. தோலைக் குத்தாம சுகர் அளக்கற வாட்ச், மோதிரம் எதுக்குமே அனுமதி குடுக்கலைன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில வெளிப்படையாவே எச்சரிச்சுச்சு. கையில ஒட்டற சென்சார் வேற, அது மெல்லிசான இழையைத் தோலுக்குள்ள விட்டு அளக்குது, வாட்ச்சு அந்த நம்பரை வாங்கிக் காட்டும், அவ்வளவுதான். பொய்ப் பிரஷரால மாத்திரை பாதியாச்சு, பொய்ச் சுகரைப் பாத்து இன்சுலின் ஊசியைக் கூட்டிக் கொறைச்சா ஆளே போயிருவாங்க.

கடையில நின்னுட்டு

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுலயோ ஈரோட்டுலயோ கடைக்குப் போனா நான் முதல்ல பண்றது வாட்ச்சைக் கையில கட்டறதில்லீங்க. நாடித்துடிப்பை ஆன் பண்ணிட்டு மேசை மேல மல்லாக்க வெச்சுருவேன். திரையில ரெண்டு கோடு மட்டும் வந்துச்சுன்னா சந்தோசம். நம்பர் வந்துச்சுன்னா நன்றி சொல்லிட்டு அடுத்ததைக் கேப்பேன். அப்பறம் லூசாக் கட்டிட்டு ஆக்சிஜன் பாப்பேன், நல்ல வாட்ச்சு கைய ஆட்டாதீங்க, இறுக்கிக் கட்டுங்கன்னு கோவிச்சுக்கும், கோவிச்சுக்கறதைத்தான் வாங்கணும். இது முழுசா நம்பற சோதனை இல்ல, சில நல்ல வாட்ச்சுகூட சமயத்துல துணி மேல, பழத்து மேல துடிப்பு காட்டியிருக்குது, வெளிச்சம் எதுல பட்டுத் திரும்புனாலும் அதுக்கு அலைதான். ஆனா எடுத்த எடுப்புல யோசிக்காம பதில் சொல்றதைக் கழிச்சுவிட இது போதும்.

மீதியெல்லாம் யார் கட்டப்போறாங்கறதைப் பொறுத்தது. ஃபோன் ஐஃபோனா இல்லையாங்கறதுலயே பாதி முடிவாயிரும், ஆப்பிள் வாட்ச் ஐஃபோன் இல்லாம நடக்காது, 2021ல இருந்து வர்ற சாம்சங் வாட்ச் ஐஃபோனோட சேராது. தெனமும் சார்ஜ் போட மறக்கற ஆளுக்கு ஆப்பிள், சாம்சங் ரெண்டும் வேண்டாம், ஓடறது நடக்கறதுன்னு இருக்கறவங்களுக்கு கார்மின், கம்மி பட்ஜெட்ல அமேஸ்ஃபிட்னு போனா நாள் கணக்குல நிக்கும். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ராவோட ராவா ஏறிட்டு வர்ற பசங்களுக்கு ஜிபிஎஸ் ஆன்ல இருக்கறப்ப எத்தனை மணி நேரம் தாங்கும்னுதான் பாக்கணும், பெட்டியில போட்ட பதினாலு நாளு அங்க செல்லாது. தமிழ் மெசேஜ் வந்தா எழுத்து வருதா கட்டம் கட்டமா வருதான்னு கடையிலயே ஒரு வாட்ஸ்அப் அனுப்பச் சொல்லிப் பாருங்க, நெறைய வெலை கம்மி வாட்ச் இதுல மண்ணைக் கவ்வுது, அம்மாவுக்கு வாங்கறீங்கன்னா இது பெரிய விசயம். பனியன் கம்பெனி, தறிக்குடோன்ல வேலை செய்யறவங்களுக்கு பஞ்சுத் தூசியும் வேர்வையும் சேர்ந்து வாட்ச்சுக்கு அடியில அப்பிக்கும், அந்த சென்சார் கண்ணாடியைத் தொடச்சாலே பாதி தப்பு சரியாப் போயிரும். ஸ்ட்ராப் 20 எம்எம், 22 எம்எம்னு பொதுவான அளவுல இருந்தா பின்னால மாத்திக்கலாம், கம்பெனிக்குன்னே தனி மாட்டல் இருந்தா அவன் சொன்னதுதான் வெலை.

தோட்டத்துல தனியா இருக்கற பெரியவங்களுக்கு எனக்கு உண்மையிலயே உபயோகம்னு படறது கீழ விழுந்தா கண்டுபுடிச்சுப் ஃபோன் பண்ற வசதிதான். ஆனா ஃபோன் தோட்டத்து ஊட்டுல சார்ஜ்ல கெடந்து இவர் கெணத்து மேட்டுல விழுந்தா புளூடூத் வாட்ச் யாரைக் கூப்பிடும்? வாட்ச்சுக்குள்ளயே சிம் இருந்து தானா ஃபோன் பண்ற இசிம் மாடல் வேணும், ஜியோ, ஏர்டெல்ல இருக்குது, அந்தக் காட்டுல சிக்னல் இருக்குதான்னு நடந்து பாத்துட்டு வாங்குங்க.

அப்பாவுக்கு இப்ப ரெண்டு பொருள் இருக்குது. ஒண்ணு கையில பட்டை சுத்தற மிஷின், அம்மா பொறுப்பு, நோட்டுல எழுதி டாக்டர்கிட்டக் காட்டறாங்க. இன்னொண்ணு பிரஷர், சுகர்னு எந்த வாயும் அடிக்காத ஒரு சாதா வாட்ச், பெரிய எழுத்துல மணி காட்டும், எருமை கறக்கறப்ப ஃபோன் வந்தா கை அதிரும், நாடித்துடிப்பு பாக்கும். இதையும் மாப்ளையை விட்டே வாங்கிக் குடுக்க வெச்சுட்டேன், அவருக்கும் சங்கடம் தீந்துச்சு. மஞ்சக்காட்டு வேலைல கை அரிக்குதுன்னு அப்பா அதை முழுக்கைச் சட்டைக்கு மேல கட்டிக்கறார், அது துணியைப் பாத்துட்டு ரெண்டு கோட்டைப் போட்டுட்டு சும்மா இருக்குது. போன வாரம் போனப்ப என்கிட்டக் காட்டி, "ஏங்கண்ணு, இது ரிப்பேரா? பழசு எப்பக் கேட்டாலும் டக்குன்னு சொல்லும், இது பாதி நேரம் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே"ன்னார். சட்டைக்கு உள்ள கட்டுங்கப்பான்னேன். அரிக்குதுங்கறார்.